ஜிஆர்இ சொற்கள்: பட்டியலா, அட்டையா, வேர்ச்சொல்லா, வாசிப்பா?

வெளிநாட்டில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்க உட்காரும் பலரும் முதலில் செய்வது ஒரு சொற்பட்டியலைத் தேடி இறக்கிக்கொள்வது. நானும் அதைத்தான் செய்தேன். அகரவரிசையில் இருந்த பட்டியல் அது. அப்ஜூர், அப்நிகேட், அப்ரகேட், அப்ஸ்காண்ட் என்று போகும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், இவை எல்லாம் 'அப்' என்று தொடங்கும் என்பது மட்டும்தான் மனத்தில் நின்றது. எது துறப்பது, எது ரத்து செய்வது, எது தலைமறைவாவது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு வேறு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தேர்வை இரண்டு முறை எழுதினேன். நண்பர்கள் சிலர் தயாரானபோது கூட உட்கார்ந்து கவனித்தேன். எது சிறந்த வழி என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை என்பது அப்போது புரிந்தது. தேர்வுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது, இதுவரை ஆங்கிலத்தில் எவ்வளவு வாசித்திருக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால், பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடும்.

தேர்வு கேட்பது என்ன?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இங்கே நடக்கும் தவறான புரிதலால்தான் நிறையப் பேரின் உழைப்பு வீணாகிறது. 2011 ஆகஸ்ட் வரை ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து அதற்கு எதிர்ச்சொல் எது என்பார்கள். அகராதிப் பொருள் தெரிந்தால் போதும். அந்த இரண்டு வகையும் போய்விட்டன. இப்போது சொல்லறிவைச் சோதிப்பவை இரண்டு வகைக் கேள்விகள். ஒன்று, வாக்கியத்திலோ பத்தியிலோ ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்களை நிரப்புவது. மற்றது, ஒரே கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. இரண்டிலும் பாதி மதிப்பெண் கிடையாது. மூன்று இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பி ஒன்றில் தவறினாலும் கிடைப்பது பூஜ்யம்தான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு, ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் மொத்தம் 27 கேள்விகள். முதல் பிரிவில் 18 நிமிடத்துக்கு 12, இரண்டாவதில் 23 நிமிடத்துக்கு 15. இதில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள். அதைக் கழித்தால் நேரடியாகச் சொல்லைச் சார்ந்தவை பதின்மூன்று, பதினான்குதான் வரும். மதிப்பெண்ணோ 130 முதல் 170 வரை, வெறும் 40 புள்ளி அகலம். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் கனம் அதிகம். நேரமோ கேள்விக்கு ஒன்றரை நிமிடம். ஒரு சொல்லைப் பார்த்ததும் அதன் பொருள் வந்து நிற்க வேண்டும். கூடவே அது புகழும் சொல்லா இகழும் சொல்லா, வலுவானதா மென்மையானதா என்பதும் வர வேண்டும். அதற்கு எந்த வழி உதவும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பட்டியல்

பாரன்ஸ் நிறுவனத்தின் 3500 சொல் பட்டியல் எத்தனையோ மாணவர்களிடம் கைமாறியிருக்கிறது. எதிர்ச்சொல் கேள்விகள் இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்று ஆயிரம் சொல் அளவில் வரும் சுருக்கமான பட்டியல்களே போதும். தேர்வை நடத்தும் இடிஎஸ் அதிகாரபூர்வமான பட்டியல் எதையும் தருவதில்லை. வெளியில் கிடைப்பவை எல்லாம் பழைய கேள்விகளைப் பார்த்து மற்றவர்கள் கணித்தவை.

பட்டியலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்கு எல்லை இருக்கிறது. ஆங்கிலம் கடல் என்ற மிரட்சி போய், 'இன்றைக்கு இந்த இருபது' என்று வேலை கையில் அடங்குகிறது. நாள் குறைவாக இருப்பவருக்கு இது பெரிய உதவி.

பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நான்காவது முறை வாசிக்கும்போது எல்லாச் சொல்லும் பழகிய முகமாகத் தெரியும். தெருவில் பார்த்தவரின் முகம் தெரிந்திருக்கும், பெயர் மட்டும் வராது, அந்த மாதிரி. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பிரபலம். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்த பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், நினைவிலிருந்து எழுதியவர்கள் நன்றாகவே முன்னால் நின்றார்கள். பட்டியலோடு உட்காருபவர் தினமும் அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் பார்க்கிறார். ஆகையால் பட்டியலை எந்தச் சொற்களைப் படிப்பது என்று முடிவு செய்ய மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எப்படிப் படிப்பது என்பதற்கு அது உதவாது.

அட்டை

ஜெர்மானியர் எபிங்கவுஸ் 1885இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்தார். மறக்கப் போகும் தறுவாயில் மீண்டும் நினைவுகூர்ந்தால் அடுத்த முறை மறக்க அதிக நாள் ஆகும் என்ற எண்ணத்துக்கு விதை அங்கே விழுந்தது. 1972இல் லைட்னர் என்பவர் இதை, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலும் எழுதிய அட்டைகள் கொண்ட ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தார். பெட்டிக்குள் பல அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே அதைப் பார்ப்பது நாள் தள்ளித்தான். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். இதே கணக்கைக் கணினியே போட்டுக்கொள்வதுதான் ஆங்கி போன்ற செயலிகள். 2006இல் வந்த அந்தச் செயலியின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். முன்பக்கம் பார்த்துவிட்டுப் பதிலை நாமே வரவழைக்க வேண்டியிருப்பதால், தெரிந்த மாதிரி தோன்றும் மயக்கத்துக்கு இடமில்லை. காகித அட்டையா, செயலியா என்று கேட்டால், முந்நூறு சொல்வரை காகிதம் தாங்கும். அதற்கு மேல் எதை எந்த நாளில் பார்ப்பது என்ற கணக்கே ஒரு வேலையாகிவிடும்.

ஆனால் செயலியில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நாளுக்கு 20 புதிய அட்டை என்று தொடங்குவது சுலபமாக இருக்கும். சில வாரத்தில் மறுபார்வைக்கு வருபவை நாளுக்கு நூறைத் தாண்டும். இரண்டு நாள் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் முன்னூறு நிற்கும். அதைப் பார்த்து மலைத்துப்போய் அத்தோடு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். பத்து, பன்னிரண்டில் தொடங்குங்கள். அப்புறம், ஒரே அட்டை திரும்பத் திரும்பத் தவறிக்கொண்டே இருக்கும். எட்டு முறை தவறினால் ஆங்கி அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தும். தமிழில் காகித அட்டைக்கும் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் ஒரே பெயர் என்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது. அப்படி ஒட்டிக்கொண்டு நேரத்தை உறிஞ்சும் அட்டையை மறுபடி மறுபடி புரட்டுவதால் ஒன்றும் நடக்காது. அதை எடுத்து மாற்றி எழுத வேண்டும்.

வேறொருவர் செய்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதா, சொந்தமாகச் செய்வதா? சொந்தமாகச் செய்ய ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆயிரம் சொல்லுக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஆகிவிடும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அது கட்டுப்படியாகாது. மூன்று மாதம் இருந்தால், தயங்காமல் சொந்தமாகச் செய்யுங்கள். அட்டை எழுதும் அந்த மூன்று நிமிடமே பாதிப் படிப்பு.

அட்டையின் பின்பக்கம் தமிழா, ஆங்கிலமா?

நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். ஆங்கிலப் பொருளையே எழுத வேண்டும், தமிழில் எழுதினால் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பாய் என்று எனக்கும் முதலில் சொன்னார்கள். கொஞ்ச காலம் அப்படியே செய்தேன். இப்போது அந்த அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தமிழ்ப் பொருள் எழுதுவதில் உள்ள சிக்கல், கைக்கு வந்த முதல் சொல்லை எழுதிவிடுவது. அப்ஸ்டினேட், டெனேஷியஸ், அப்டியூரேட், இன்ட்ரான்சிஜென்ட், ரிகால்சிட்ரன்ட், ரெசொலூட் ஆகிய ஆறுக்கும் 'பிடிவாதம்' என்று எழுதிவைத்தால், ஆறு சொல்லும் ஒரே குவியலாகிவிடும். தேர்வு சரியாக அந்த இடத்தில்தான் கை வைக்கும். ஆனால் குறை தமிழில் இல்லை, நம் அவசரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானித்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் நம்மிடம் இருக்கிறது. டெனேஷியஸ் என்றால் விடாப்பிடி, எடுத்ததை விடாத நல்ல குணம். ரெசொலூட் மன உறுதி. அப்ஸ்டினேட்தான் நம் பிடிவாதம். இன்ட்ரான்சிஜென்ட் விட்டுக்கொடுக்க மறுப்பது, பேச்சுவார்த்தையில் இறங்கிவர மாட்டேன் என்பது. அப்டியூரேட் மனம் இளகாதது, கெஞ்சினாலும் கரையாத கல்நெஞ்சு. ரிகால்சிட்ரன்ட் முரண்டு பிடிப்பது, சொன்ன பேச்சைக் கேட்காதது. இப்படி எழுதிய பிறகு, எது புகழ்ச்சி, எது இகழ்ச்சி என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. விடாப்பிடிக்கும் முரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடையில் ஃப்ரூகல், பார்சிமோனியஸ், மைசர்லி ஆகியவற்றை அடுக்கிப் பாருங்கள். முதலாவது சிக்கனம், மூன்றாவது கருமித்தனம். நடுவில் இருப்பது பணத்தைப் பற்றிப் பேசும்போது கஞ்சத்தனம். ஆனால் அறிவியல் பத்தியில் ஒரு விளக்கத்தைப் பார்சிமோனியஸ் என்று சொன்னால் அது பாராட்டு. தேவையில்லாத அனுமானம் எதையும் சேர்க்காத விளக்கம் என்று பொருள். அந்த அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதிய பிறகு மறக்கவில்லை.

என் அட்டையின் அமைப்பு இதுதான். முன்பக்கம், சொல் வரும் இடத்தைக் கோடிட்டுவிட்டு ஓர் ஆங்கில வாக்கியம், உத்தேசமாக 'இரு தரப்பும் இறங்கிவராததால் பேச்சு மூன்றாம் நாளே முறிந்தது' என்கிற மாதிரி. பின்பக்கம் சொல், தமிழில் ஒரு தொடர், புகழும் சொல் என்றால் ஒரு கூட்டல் குறி, இகழும் சொல் என்றால் ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான். அகராதியிலிருந்து ஐந்து வரி அள்ளிக் கொட்டிய அட்டைகள் எதையும் என்னால் சரியாகப் பழக முடியவில்லை.

ஒரே பொருள் கொண்ட சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படிப்பது பலருக்குப் பிடித்த முறை. அதிலும் கவனம் தேவை. ஒத்த பொருளுள்ள சொற்களை ஒரே மூச்சில் புதிதாகக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும் என்று 1990களிலேயே டிங்க்கம் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். முதலில் வெவ்வேறு நாளில் ஒவ்வொன்றாகப் பழகிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மேலே சொன்ன ஆறைப் போல ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் அது பலம். ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு அந்த அடுக்கல் நேராகப் போய் உதவும்.

வேர்ச்சொல்

கேட்க ஆசையாக இருக்கும் வழி இது. நூறு லத்தீன், கிரேக்க வேர்களைக் கற்றால் ஆயிரம் சொல் கைக்கு வரும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். லத்தீனில் கிரெக்ஸ் என்றால் மந்தை. கிரிகேரியஸ் கூட்டத்தோடு கூடி இருக்க விரும்புவது. அக்ரிகேட் ஒன்றாகத் திரட்டுவது. இக்ரீஜியஸ் மந்தையிலிருந்து தனியே துருத்தித் தெரிவது, இன்று படுமோசமான என்ற பொருளில் வருகிறது. ஒரு வேர் தெரிந்ததும் மூன்று சொல்லும் உறவினராகிவிடுகின்றன. அந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் தேர்வு அறையில் தெரியாத சொல்லை வேரை வைத்துப் பிரித்து ஊகிக்கலாம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எனர்வேட் என்ற சொல்லைப் பாருங்கள். எனர்ஜி போல ஒலிக்கிறது, உள்ளே நரம்பு என்ற வேர் இருக்கிறது, ஊக்கம் கொடுப்பது என்று தோன்றும். உண்மையில் வலுவிழக்கச் செய்வது என்று பொருள், நரம்பை உருவி எடுப்பது. நாய்சமுக்கும் சத்தத்துக்கும் தொடர்பே கிடையாது, அது அருவருப்பான என்ற பொருள் தரும் சொல். ரெஸ்டிவ் ஓய்வாக இருப்பது அல்ல, நிலைகொள்ளாமல் தவிப்பது. இந்த மாதிரிச் சொற்கள் தேர்வுக்குப் பிடித்தமானவை. என் அனுபவத்தில் வேர், ஏற்கெனவே படித்த சொல்லை இறுக்கிப் பிடிக்கும் கயிறு. புதிய சொல்லை எட்டிப் பறிக்கும் கோல் ஆகாது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஒலியை வைத்துக் கட்டும் நினைவுப் படம்

பல்லிட் என்றால் வெளிறிய. சுவரில் ஒட்டியிருக்கும் வெளிறிய பல்லியை ஒரு முறை நினைத்தால் முடிந்தது. மெண்டேஷியஸ் என்றால் பொய் பேசுகிற. பொய் சொல்கிறவர் வார்த்தையை மென்று முழுங்குவதை அதோடு சேர்த்துவிடலாம். இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சன், ராஃப் இருவரும் 120 ரஷ்யச் சொற்களை இந்த முறையில் கற்பித்துப் பார்த்தபோது, இப்படிப் படித்தவர்கள் 72 சதவீதமும் மற்றவர்கள் 46 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள்.

இருந்தாலும் எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்ய முயல வேண்டாம். படம் பொருளை மட்டும்தான் தரும், சொல்லின் நிறத்தைத் தராது. வலிந்து கட்டிய படங்கள் சொல்லைவிட நினைவில் வைக்கக் கடினமாகிவிடும். மேலே சொன்ன ஒட்டிக்கொள்ளும் அட்டைகளுக்கு மருந்தாக இதை வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பு

ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தி எகனாமிஸ்ட், சயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற இதழ்களின் நடைக்குப் பழகினால், பத்தி வாசிப்புக் கேள்விகளுக்கும் அதே உழைப்பு சேர்த்துப் பயன் தரும். எந்த அட்டையும் தராத ஒன்றை வாசிப்பு தரும். தெரிந்த சொல்லின் தெரியாத முகம்தான் அது. குவாலிஃபைட் என்றால் தகுதி பெற்ற என்று எல்லாருக்கும் தெரியும். 'அவர் பாராட்டினார், ஆனால் ஒவ்வொரு புகழ்ச்சிக்குப் பின்னும் ஓர் ஆனால் வந்தது' என்ற வாக்கியத்தில் அந்தப் பாராட்டையும் குவாலிஃபைட் என்றே சொல்வார்கள். வரம்புக்குட்பட்ட, அரைமனதான என்று பொருள். ஃபிளாக் என்றால் கொடி, சோர்ந்து தளர்வதும் ஃபிளாக்தான். ஹஸ்பண்ட் என்றால் கணவர், சிக்கனமாகப் பாதுகாத்துச் செலவிடுவதும் ஹஸ்பண்ட்தான். எளிய சொல் என்று பட்டியலில் தாண்டிப்போன இவைதான் என்னை முதல் முறை தேர்வில் வீழ்த்தியவை. அப்ஸ்காண்ட் கேள்வியே வரவில்லை.

வாசிப்பின் குறை வேகம். ஒரு கடினமான சொல் மனத்தில் தங்கப் பலமுறை எதிர்ப்பட வேண்டும். அபூர்வமான சொல் ஒரு மாதத்தில் ஒரு முறை வந்தால் அதிகம். ஆகவே இரண்டு மாதம் மட்டும் இருப்பவர் வாசிப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யாருக்கு எது?

மூன்று, நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால், அதிகம் வரும் முந்நூறு நானூறு சொற்கள் கொண்ட சிறிய பட்டியலும், அதற்கு வேறொருவர் செய்த அட்டைத் தொகுப்பும் போதும். நாள் குறைவு என்பதால் இங்கே மட்டும் நாளுக்கு இருபது. மீதி நேரம் முழுதும் இடிஎஸ் வெளியிட்ட கேள்விகள், இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகள். வேரும் வாசிப்பும் இப்போது வேண்டாம்.

மூன்று மாதம் இருப்பவர் நாளுக்குப் பன்னிரண்டு அட்டை சொந்தமாக எழுதலாம். எழுபத்தைந்து நாளில் தொள்ளாயிரம் ஆகிவிடும். சொற்களைப் பட்டியலிலிருந்து பாதி எடுங்கள், பாதியை இடிஎஸ் கேள்விகளின் விடைத் தேர்வுகளிலிருந்து எடுங்கள். சரியான விடை மட்டுமல்ல, தள்ளிவிட்ட நான்கு சொற்களும் அட்டையாக வேண்டும். இன்றைய தவறான தேர்வு நாளைக்கு வேறொரு கேள்வியில் சரியான விடையாக வரும். கூடவே நாளுக்கு ஒரு கட்டுரை. எனக்கு இரண்டாம் முறை கைகொடுத்த கலவை இதுதான், தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே நிறைய வாசித்தவருக்கு ஆயிரம் சொல் பட்டியல் தேவைப்படாது. ஒரு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்து, இடறிய சொற்களிலிருந்து மட்டும் அட்டை செய்தால் இருநூறில் முடிந்துவிடும். இதுவரை வாசிக்காதவர், நேரமும் இருக்கிறது என்றால், முதல் இரண்டு மாதம் அட்டையையே தொடாமல் வாசிக்கட்டும். வாக்கியத்தின் போக்கு பிடிபடாமல் சொல் மட்டும் தெரிந்து கோடிட்ட இடத்தை நிரப்ப முடியாது.

செயலியில் ஒரே ஒரு அமைப்பை மறக்காமல் மாற்றுங்கள். நன்றாகத் தெரிந்த அட்டையை அது நான்கு மாதம் தள்ளிப் போட்டுவிடும். அதற்குள் தேர்வே முடிந்திருக்கும். அதிகபட்ச இடைவெளியை முப்பது நாளுக்குள் வைத்துவிடுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதிய அட்டையை நிறுத்திவிட்டு, கழித்தல் குறி போட்ட அட்டைகளை ஒரு நாளும் கூட்டல் குறி போட்டவற்றை மறுநாளும் எடுத்துப் பாருங்கள். முந்தைய மாலை எனக்கு ஒட்டவே ஒட்டாத இருபது அட்டைகளை மட்டும் கையில் வைத்திருந்தேன். மறுநாள் அதில் இரண்டு வந்தன.